கூடாரம் வாங்கினால் வரி எங்கே போகிறது? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவின் ஸ்டேட் பார்க்குகளில், அதாவது மாநில அரசுகள் நடத்தும் இயற்கைப் பூங்காக்களில், முகாம் போடுவது பற்றிப் போன இதழில் எழுதியதற்கு வந்த கடிதங்களில், எந்தக் கூடாரம் வாங்கலாம் என்று கேட்டவர்கள் குறைவு, பணம் யாருடையது என்று கேட்டவர்கள்தான் அதிகம். சரி, இந்த முறை முழுக்கப் பணம்.

கேள்வி: பிள்ளைகளுக்காகக் கூடாரம், தூங்கும் பை எல்லாம் வாங்கினோம். பில்லில் இருக்கும் விற்பனை வரி பூங்காக்களுக்குத்தான் போகிறது என்றார் கடைக்காரர். அப்புறம் பூங்கா வாசலில் எதற்குத் தனியாகக் காசு? – ஒரு வாசகி, டெக்சஸ்

கடைக்காரர் சொன்னது சரி, ஆனால் கொஞ்ச வருடங்களாகத்தான் சரி. இதற்கென்று தனி வரி கிடையாது. மற்ற பொருட்களுக்குப் போடும் அதே 6.25 சதவீத மாநில விற்பனை வரிதான். விளையாட்டு, முகாம் சாமான்கள் விற்றதில் எவ்வளவு வந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, அந்தப் பங்கைப் பூங்காத் துறைக்கும் அதில் சிறு பகுதியை வரலாற்று ஆணையத்துக்கும் கொடுக்க வேண்டும். 1993-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. வந்து என்ன, ஒவ்வொரு பட்ஜெட்டிலும் சட்டமன்றம் மனசு வைத்து ஒதுக்கினால்தான் பணம் கைக்கு வரும், பல வருடங்கள் அவர்கள் ஒரு பகுதியை மட்டும் கொடுத்துவிட்டு மீதியை வேறு செலவுக்கு மடைமாற்றினார்கள், அந்தப் பக்கம் பூங்காக்களில் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது.

நம் வீடுகளில் குலசாமிக்கு நேர்ந்துகொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்துவைப்பார்களே, அரிசி தீர்ந்தாலும் அதை அவிழ்க்க மாட்டார்கள். 1993 சட்டம் சாமி காசு என்று சொல்லிவிட்டு அஞ்சறைப்பெட்டியில் போட்டுவைத்த மாதிரி. முடிச்சு விழுந்தது 2019 நவம்பரில்தான். அந்தப் பங்கு முழுதும் தானாகவே போய்ச் சேர வேண்டும் என்ற அரசியல் சட்டத் திருத்தத்துக்கு வாக்காளர்களில் ஏறக்குறைய 88 சதவீதம் பேர் சம்மதம் சொன்னார்கள். அந்த ஊரில் வேறு எந்த விஷயத்துக்கும் இத்தனை பேர் ஒன்றாகத் தலையாட்டி நான் பார்த்ததில்லை! 2023-இல் புதுப் பூங்காக்களுக்கு நிலம் வாங்க நூறு கோடி டாலர் நிதிக்கும் வாக்களித்தார்கள்.

வாசல் காசு ஆட்களின் சம்பளத்துக்கும் அன்றாடப் பராமரிப்புக்கும் உதவுகிறது. அது இல்லாமலும் நடத்த முடியும், மிசௌரி நடத்துகிறது. அங்கே 1984 முதல் ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது பத்து டாலர் சாமானுக்கு ஒரு சென்ட், விற்பனை வரியில் சேர்த்து வாங்கிப் பூங்காக்களுக்கும் மண் பாதுகாப்புக்கும் பிரிக்கிறார்கள்; நுழைவுக் கட்டணமே கிடையாது. 2006-லும் 2016-லும் இது மறுபடி வாக்குக்கு வந்தது, இரண்டு முறையும் மக்கள் நீட்டித்தார்கள். எனக்கு மிசௌரி வழிதான் பிடிக்கிறது, ஆனால் கடைக்குப் போகிற ஏழையும் அதே ஒரு சென்ட் கொடுக்கிறார் என்பதை மறைக்கக் கூடாது.

கேள்வி: கார் பதிவைப் புதுப்பிக்கும்போது கேட்காமலே 29 டாலர் பூங்கா பாஸ் சேர்த்திருந்தார்கள். இது ஏமாற்று வேலை இல்லையா? – கொலராடோ வாசகர்

ஏமாற்று இல்லை, ஆனால் நம் சோம்பேறித்தனத்தை நம்பிப் போட்ட திட்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். 2023 தொடக்கத்தில் ஆரம்பித்த பாஸ் அது. வேண்டாம் என்று சொன்னால் எடுத்துவிடுவார்கள், சொல்லாவிட்டால் சேர்ந்துவிடும். மொன்டானாவிலும் இதே முறை. மிச்சிகன் 2010-இல் தொடங்கியபோது நேர்மாறாக, வேண்டும் என்று நாமே சொன்னால்தான் சேர்ப்பார்கள் என்று வைத்தது. உங்கள் ஊரில் சாதாரண ஆண்டுப் பாஸ் 80 டாலர் என்று இருந்தபோது இது 29-க்கு வந்தது, பணத்தில் ஒரு பகுதி மலையில் தொலைந்தவர்களைத் தேடும் தன்னார்வக் குழுக்களுக்கும் பனிச்சரிவு எச்சரிக்கை மையத்துக்கும் போகிறது. வருடத்துக்கு ஒரு தடவை பூங்காப் பக்கம் தலைகாட்டுபவராக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கேள்வி: வேட்டைக்காரர்கள் பணத்தில்தான் இந்த நாட்டில் காட்டு விலங்குகள் பிழைக்கின்றன என்று அலுவலகத்தில் ஒரு நண்பர் வாதாடுகிறார். உண்மையா?

பெருமளவு உண்மை. 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி நீண்ட துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம், கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதம் கலால் வரி. மாநிலத்தின் நிலப்பரப்பையும் அங்கே வேட்டை லைசென்ஸ் எடுத்தவர்களின் எண்ணிக்கையையும் பார்த்து மத்திய அரசு அதைப் பிரித்துக் கொடுக்கிறது. காட்டு விலங்குப் பாதுகாப்புக்கு ஆகும் செலவில் முக்கால் பங்கு அதிலிருந்து, கால் பங்கு மாநிலம் போட வேண்டும். லைசென்ஸ் கட்டணத்தை வேறு செலவுக்குத் திருப்பினால் இந்தப் பணம் நின்றுபோகும் என்று ஒரு பூட்டும் போட்டிருக்கிறார்கள், டெக்சஸ் கதையைப் படித்த பிறகு அந்தப் பூட்டின் அருமை புரியும். 1950-இல் மீன்பிடி சாமான்களுக்கும் இதே போல் வந்தது. ஆனால் அந்த வரியைக் கட்டுகிறவர்களில் பலர் காட்டுப் பக்கமே போகாதவர்கள், சுடும் பயிற்சிக்கு மட்டும் தோட்டா வாங்குகிறவர்கள். இதையும் நண்பரிடம் சொல்லுங்கள்.

நடப்பவர்கள், முகாம் போடுபவர்கள் வாங்கும் முதுகுப்பைக்கும் பைனாகுலருக்கும் இப்படி ஒரு வரி போடலாம் என்று 1990-களில் பேச்சு வந்தது. சாமான் தயாரிப்பவர்கள் எதிர்த்தார்கள், அத்தோடு போயிற்று. நடப்பவன் ஆதலால் எனக்கு இதில் கொஞ்சம் கூச்சம் உண்டு.

கேள்வி: எங்கள் தமிழ்ச் சங்கத்தில் முப்பது பேர் கிரிக்கெட் ஆடுகிறோம், மைதானம் இல்லை. மாநில அரசிடம் பணம் கேட்க வழி உண்டா? – ஒரு சங்கச் செயலாளர், நியூ ஜெர்சி

உண்டு, ஆனால் சங்கத்தின் பெயரில் கேட்டால் கிடைக்காது. 1964-இல் தொடங்கிய நில, நீர்ப் பாதுகாப்பு நிதி என்று ஒன்று இருக்கிறது. கடலுக்கு அடியில் எண்ணெய், எரிவாயு எடுக்கும் கம்பெனிகள் மத்திய அரசுக்குக் கட்டும் தொகையிலிருந்து வருவது, 2020 சட்டத்துக்குப் பிறகு வருடம் 90 கோடி டாலர் நிரந்தரமாக. அதற்கு முன்னால் பெரும்பாலான வருடங்களில் முழுத் தொகை வந்ததே இல்லை, அதே மடைமாற்றக் கதைதான். இதில் ஒரு பங்கு மாநிலங்களுக்கு வந்து, அங்கிருந்து ஊராட்சிகளுக்குப் போகும். ஆகவே விண்ணப்பிக்க வேண்டியது உங்கள் டவுன்ஷிப், அதாவது உங்கள் ஊரின் உள்ளாட்சி. பாதிச் செலவு இந்த நிதி, மறு பாதி உள்ளூர் போட வேண்டும். டவுன்ஷிப் கூட்டத்தில் முதலில் கேட்கப்போவதே "அந்தப் பாதி எங்கே?" என்றுதான், அதற்கு ஏதாவது பதிலோடு போங்கள், சங்கம் திரட்டும் நன்கொடையாக இருந்தாலும் சரி.

இன்னொன்று, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு மாநிலமும் மக்களுக்கு என்ன விளையாட்டு, என்ன வசதி தேவை என்று ஒரு திட்ட அறிக்கை போட்டால்தான் இந்தப் பணம் அந்த மாநிலத்துக்கு வரும், அதிகாரிகள் அதை 'ஸ்கார்ப்' என்பார்கள். அது தயாராகும்போது பொதுமக்களிடம் கருத்துக் கேட்பார்கள். நம்மவர்கள் வாட்ஸப் குழுவில் மைதானம் இல்லை என்று புலம்புவதில் நூறில் ஒரு பங்கை அங்கே எழுதினால் அறிக்கையில் கிரிக்கெட் என்ற சொல்லாவது ஏறும், விண்ணப்பத்துக்கு மதிப்பெண் போடும்போது அந்த அறிக்கையைத்தான் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இந்தப் பணம் தொட்ட நிலம் என்றைக்கும் வெளிப்புற விளையாட்டு, பொழுதுபோக்குக்குத்தான். பின்னால் அங்கே நூலகமோ வாகன நிறுத்தமோ கட்ட ஆசைப்பட்டால் அதே மதிப்பும் பயனும் உள்ள வேறு நிலத்தைக் கொடுத்துத் தேசியப் பூங்காத் துறையின் ஒப்புதலும் வாங்க வேண்டும். சில டவுன்ஷிப்காரர்கள் இதற்குப் பயந்தே விண்ணப்பிக்க மாட்டார்கள். உங்கள் ஊர்க்காரர்கள் தயங்கினால் காரணம் கிரிக்கெட் மேல் வெறுப்பு என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள், அந்த நிலத்தை வேறு எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.