கிளிமூக்குக் கோழியில் முட்டை பொரிவதில்லை, பொரிகிற குஞ்சும் கோணல் மூக்கோடு வருகிறது. மருந்து உண்டா, ரத்தம் மாற்ற (வெளியிலிருந்து உறவில்லாத சேவல் கொண்டுவர) வேண்டுமா?

கேள்வியைப் படித்ததும் என் பழைய கூண்டுதான் கண்ணில் வந்தது. ஒரே சேவல், ஆறேழு பெட்டை. பத்து முட்டை அடை வைத்தால் நாலு பொரிகிறது. அதில் ஒன்றுக்கு மேல்மூக்கு கிழக்கே போனால் கீழ்மூக்கு மேற்கே போகிறது. இதற்குள் மருந்துக்கடையில் மூன்று டானிக் வாங்கியிருப்பீர்கள். நீங்கள் எழுதாததையும் நானே எழுதிவிடுகிறேன்: அந்தப் பெட்டைகளெல்லாம் அந்தச் சேவலுக்கு மகளாகவோ தங்கச்சியாகவோதான் இருக்கும். இல்லையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

நான் கால்நடை மருத்துவர் இல்லை. ஒட்டன்சத்திரம் பக்கம் தோட்டத்து வீட்டில் கிளிமூக்கு விசிறிவால் (கிளி மாதிரி வளைந்த மூக்கும் விசிறி மாதிரி விரிந்த வாலும் உள்ள அழகுக்கோழி) வளர்க்கிறவள், அவ்வளவுதான். சண்டைக்கு விடுவதில்லை, விடுகிறவர்களுக்கு விற்பதும் இல்லை. அதைப் பற்றிக் கீழே யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

அப்பா 2017-ல் தவறிப்போன பிறகு கோழிகள் என் கைக்கு வந்தன. அதில் ஒரு பூதி நிறச் சேவல். 22 அங்குல வால், கிளியேதான் என்று சொல்லும்படி மூக்கு. நடக்கிற நடையைப் பார்த்து அம்மா அதற்குக் கலெக்டர் என்று பேர் வைத்தார். இரண்டு கண்காட்சியில் கோப்பை வாங்கியது. அப்புறம் கேட்கவா வேண்டும்? கலெக்டர் குஞ்சு என்றால் முட்டைக்குள் இருக்கும்போதே முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்கள். வேறு சேவல் எதையும் நான் வைத்துக்கொள்ளவில்லை. மகள் பெட்டையானதும் அதற்கும் கலெக்டர்தான், பேத்திக்கும் கலெக்டர்தான். லைன் (பரம்பரை வரிசை) கெடாமல் காப்பாற்றுகிறேன் என்று பெருமை வேறு.

முதல் வருடம் பத்துக்கு எட்டு பொரித்தது. 2021 தை மாதம் பதினொன்று வைத்து மூன்று பொரித்தது. நடுவில் நடந்ததையெல்லாம் நான் பார்க்காமல் இல்லை. கோணல் மூக்கு, மடங்கின விரல், வளைந்த நெஞ்செலும்பு எல்லாம் வந்தன. வந்ததை யார் கண்ணிலும் படாமல் ஒதுக்கிவிட்டு, கூடப் பிறந்த நல்ல குஞ்சுகளை விற்றேன். இதை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு விலை பேசுகிறவர்களில் பலரும் இதைத்தான் செய்கிறார்கள், நான் வெளியே சொல்கிறேன்.

என்னிடம் 18,000 ரூபாய்க்கு ஒரு ஜோடி வாங்கிப்போன கரூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர், எட்டு மாதம் கழித்து ஒரு செருப்பு டப்பாவோடு வந்து நின்றார். உள்ளே பழைய துணிமேல் ஒரு குஞ்சு. கத்தரிக்கோலைப் பாதி விரித்த மாதிரி மூக்கு. "என்னக்கா இப்படிக் குடுத்துட்டீங்க?" என்றார், அவ்வளவுதான். அவர் கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். கம்புக் குருணையை ஒரு மூடியில் போட்டு வைத்தேன். குஞ்சு கொத்தும், குருணை பக்கவாட்டில் சரியும், மறுபடி கொத்தும். பத்து நிமிஷம் பார்த்தோம். தொண்டைக்குள் நாலு குருணை போயிருந்தால் அதிகம். அது மட்டும் விடாமல் கொத்திக்கொண்டே இருந்தது.

பணத்தை முழுசாகத் திருப்பிக் கொடுத்தேன் என்று எழுத ஆசைதான். பாதிதான் கொடுத்தேன். மீதிக்கு ஒரு பெட்டையைப் பிடித்துக் கொடுத்தேன். அந்தப் பெட்டையும் கலெக்டரின் பேத்தி. அன்றைக்கு எனக்கு அது உறைக்கவே இல்லை பாருங்கள்.

குஞ்சை அவர் விட்டுவிட்டுப் போனார். அதற்கு டப்பா என்றே பேராகிவிட்டது. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதலில் "பொரியவில்லை" என்பதைப் பிரித்துப் பாருங்கள். நாம் எல்லாவற்றையும் கூமுட்டை என்று ஒரே பேரில் தூக்கிப் போட்டுவிடுகிறோம். ஏழாம் நாள் ராத்திரி இருட்டில் போன் டார்ச்சை முட்டையின் அகலப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிலந்தி கால் விரித்த மாதிரி ரத்தநாளம் தெரிந்தால் கரு இருக்கிறது. தெளிவாக இருந்தால் சேவல் சேரவே இல்லை, அல்லது சேர்ந்தும் பலனில்லை. சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு பிடித்துச் செத்திருக்கிறது. 21 நாள் தாண்டியும் பொரியாததை உடைத்துப் பாருங்கள், அருவருப்புப் படாதீர்கள். முழுக் குஞ்சாக இருந்து செத்திருந்தால் அது வேறு கதை. என் 2021 தை அடையில் எட்டு போனதே, அதில் தெளிவு இரண்டு, வளையம் நாலு, முழுக்குஞ்சு இரண்டு. உயிர் பிடித்துப் பிடித்துச் செத்திருக்கிறது என்று அர்த்தம். சேவலுக்கு டானிக் ஊற்றி என்ன பிரயோஜனம்?

தெளிவு முட்டையே அதிகம் என்றால் ரத்தத்தைக் குறை சொல்வதற்கு முன் சேவலின் பின்பக்கத்தைப் பாருங்கள். விசிறிவாலில் அழகுக்காக நாம் சேர்த்த சிறகே குறுக்கே நிற்கும். வாலில் கை வைக்க வேண்டாம், கண்காட்சிக்காரர்கள் என்னை அடிக்க வருவார்கள். ஆசனவாயைச் சுற்றியுள்ள பூஞ்சிறகை மட்டும் சேவலுக்கும் பெட்டைக்கும் கத்தரித்தாலே வித்தியாசம் தெரியும். சித்திரை, வைகாசி வெயிலில் சேவல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்போது கிடைத்த முட்டையை வைத்து அதைக் கழித்துக் கட்டாதீர்கள். வயசையும் பாருங்கள். கலெக்டருக்குக் கடைசி வருடம் ஆசை இருந்தது, பலன் இல்லை.

அடுத்தது, கோணல் எல்லாமே பரம்பரை இல்லை. தாய்க்கோழிக்கு வெறும் கம்பும் சோளமும் போட்டுக்கொண்டிருந்தால் பி2 வைட்டமின் குறைந்து குஞ்சுக்கு விரல் மடங்கும், கருவும் முட்டைக்குள் சாகும். கால் விரிந்து போவது பல சமயம் வழவழப்பான செய்தித்தாளை விரித்ததால் வருவது. இங்குபேட்டரில் சூடு ஏறியிறங்கினாலும் உறுப்புகள் கோணும். மைக்கோபிளாஸ்மா, புல்லோரம் மாதிரி தாயிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போகிற தொற்றும் உண்டு. பார்க்கிறவர்கள் அதைப் பரம்பரை என்றுதான் நினைப்பார்கள். இருமல், முகவீக்கம், வெள்ளைக் கழிச்சல் இருந்தால் என் பதிலை மூடிவிட்டுச் செத்த குஞ்சை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

நான் செய்தது இது. பெட்டைகளுக்கு மூன்று வாரம் நல்ல தீவனமும் வைட்டமினும் கொடுத்து, அதன்பிறகு இட்ட முட்டைகளைப் பாதி அடைக்கோழிக்கும் பாதி இங்குபேட்டருக்கும் வைத்தேன். விரல் மடங்குவது வெகுவாகக் குறைந்தது. மூக்குக் கோணல் இரண்டிலும் வந்தது. அப்போதுதான் இது கலெக்டர் கொடுத்த சொத்து என்று ஒத்துக்கொண்டேன்.

கணக்கு கொஞ்சம் சொல்கிறேன். மரபியல் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், கோணல் மூக்கு எல்லா இடத்திலும் இவ்வளவு நேர்கோட்டில் நடக்காது என்று எனக்கும் தெரியும். அப்பனை மகளோடு சேர்த்தால் பிறக்கும் குஞ்சுக்கு ரத்த நெருக்கம், அதாவது ஒரே மூதாதையின் மரபணு இரண்டு பக்கமிருந்தும் இரட்டிப்பாக வருகிற வாய்ப்பு, 25 சதவீதம். அந்தக் குஞ்சையும் அதே அப்பனோடு சேர்த்தால் 37.5. ஒடுங்கிக் கிடக்கிற ஒரு குறை அப்பன், ஆத்தாள் இரண்டு பக்கமும் மறைவாக இருந்தால் நாலில் ஒரு குஞ்சுக்கு அது வெளியே தெரியும். தெரியாத மூன்றில் இரண்டு அதை உள்ளே சுமக்கும். நான் நல்ல குஞ்சு என்று விற்றேனே, அந்த மூன்றில் இரண்டு. கரூர்த் தம்பிக்குக் கொடுத்த ஜோடி அண்ணன் தங்கச்சி.

லைன் பிரீடிங்கே (ஒரே பரம்பரைக்குள் சேர்ப்பது) தப்பு என்று நான் சொல்லவில்லை. செய்கிறவர்கள் நூறு குஞ்சு எடுத்துத் தொண்ணூறைக் கழிக்கிறார்கள். நம்மால் முடியுமா? பத்து எடுத்துப் பத்தையும் விற்கிறவர்கள் நாம். மூக்கு கிளி மாதிரி வளைய வேண்டும், இன்னும் வளைய வேண்டும் என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் தீவனம் எடுக்க முடியாத இடத்தில்தான் போய் நிற்கும். ஜப்பான் குட்டைக்கால் பேண்டம் கோழியில் அந்தக் குட்டைக்காலைக் கொடுக்கிற மரபணுவே இரட்டிப்பாக வந்தால் கருவைக் கொன்றுவிடும். குட்டையும் குட்டையும் சேர்த்தால் கால்வாசி முட்டைக்குள்ளேயே போய்விடும். அதற்கு என்ன டானிக் கொடுப்பீர்கள்?

பெட்டைப் பக்கம் ஒன்று. என்னிடம் இருந்த கீரி நிறப் பெட்டை ஒன்றுக்கு மூன்றாம் வயதில் வயிறு இறங்கி, பெங்குவின் மாதிரி நிமிர்ந்து நின்றது. தினமும் கூட்டுக்குள் போய் உட்காரும், கேறும், முட்டை இருக்காது. செத்த பிறகு அறுத்துப் பார்த்தால் வயிற்றுக்குள் அவித்த மாதிரி மஞ்சள் கட்டி கட்டியாகக் கிடந்தது. மஞ்சள் கரு முட்டைக்குழாய்க்குள் போகாமல் வயிற்றிலேயே விழுந்திருக்கிறது. அதன் மகள் ஒன்றுக்கும் அதுவே வந்தது. இரண்டு கோழியை வைத்துப் பரம்பரை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வழியில் அப்புறம் நான் அடை வைக்கவில்லை.

ரத்தம் மாற்றினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். புதுச் சேவல் போட்டதும் முதல் ஈட்டுக் குஞ்சுகள் பளிச்சென்று வரும், குறை தீர்ந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் படம் போடுவீர்கள். குறை தீரவில்லை, ஒளிந்திருக்கிறது. மறுபடி ஒரே சேவலை வைத்து ஓட்டினால் திரும்பி வரும். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்றால் ஒவ்வொரு தலைமுறைக்கும் ரத்தம் 13, 14 சதவீதம் நெருங்கும். பெட்டையை இருபதாக்கினாலும் 13-தான். சேவலை மூன்றாக்குங்கள், ஐந்தரைக்கு இறங்கிவிடும். அதனால் இப்போது என்னிடம் மூன்று கூட்டம் இருக்கிறது. பெட்டைக் குஞ்சு ஆத்தாள் கூட்டத்திலேயே இருக்கும். ஒன்றாம் கூட்டத்துச் சேவல் குஞ்சு வளர்ந்ததும் இரண்டுக்குப் போகும், இரண்டினுடையது மூன்றுக்கு, மூன்றினுடையது ஒன்றுக்கு. காலில் நிற வளையம், கையில் ஒரு நோட்டு. சேவலை மாற்றினால் நாலு வாரம் அடை வைக்க மாட்டேன். பழைய சேவலின் விந்து பெட்டைக்குள் இரண்டு மூன்று வாரம் உயிரோடு இருக்கும். இது தெரியாமல் புதுச் சேவலின் குஞ்சு என்று எத்தனை பேர் விற்கிறார்களோ.

அந்த மூன்று கூட்டத்துக்குச் சேவல் தேடி 2022-ல் பரமக்குடிப் பக்கம் ஒரு பெரியவரிடம் போய் மயில் நிறச் சேவல் ஒன்று வாங்கினேன். வரும்போது நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு தனியார் பஸ். கூடை என் மடியில். கண்டக்டர் எனக்கு ஒரு டிக்கெட், கூடைக்கு ஒரு டிக்கெட் கிழித்தார். "உயிருள்ளதும்மா" என்றார். சரி என்று கொடுத்தேன். டிக்கெட் எடுத்த பிறகு அதற்கு ஒரு சீட் வேண்டுமா இல்லையா? மதுரை வரைக்கும் இன்ஜின் மூடிமேல் வைக்கச் சொல்லி, அந்தச் சூட்டில் அது வாயைப் பிளந்தபடி வந்தது. பின்சீட்டில் ஒருவர் மூன்று மூட்டை வெங்காயத்தை ஓசியில் ஏற்றினார். ஏன் என்று கேட்டதற்கு "வெங்காயம் கத்தாதும்மா" என்று பதில். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வந்த சேவலை நேராகக் கூட்டத்தில் விடவில்லை. ஒரு மாதம் தனியாக வைத்தேன், நோய்க்காக. அப்புறம் மூக்குக் குறையை உள்ளே சுமக்கிறதா என்று சோதிக்க டப்பாவோடு விட்டேன். ஆமாம், அதே செருப்பு டப்பாக் குஞ்சுதான். ஆழமான கிண்ணத்தில் ஈரத்தீவனம் நிறைய வைத்தால் அள்ளித் தின்னும். அப்படியே வளர்ந்து பெட்டையாகி முட்டையும் வைத்தது. குறை வெளியே தெரிகிற பெட்டையோடு சேர்த்தால், சேவல் அதைச் சுமந்தால் பாதிக் குஞ்சுக்கு வரும். ஐந்து குஞ்சு தொடர்ந்து நல்லதாக வந்தால் பெரும்பாலும் சேவல் சுத்தம். குறையை உள்ளே மட்டும் சுமக்கிற பெட்டை என்றால் பதினொரு குஞ்சு பார்க்க வேண்டும். டப்பாவுக்கு ஏழு குஞ்சு, ஏழுக்கும் நேர்மூக்கு. அந்த ஏழையும் வளர்த்தேன், இனத்துக்கு விடவில்லை, விற்கவும் இல்லை. எல்லாமே குறையைச் சுமப்பவை. வீட்டுக்காரர் இன்னமும் அந்தத் தீவனக் கணக்கைச் சொல்லிக் காட்டுவார்.

இந்தச் சித்திரையில் இரண்டாம் கூட்டத்தில் பன்னிரண்டு வைத்து ஒன்பது பொரித்தது. மூக்கு ஒன்பதும் நேர். ஒன்றுக்கு மட்டும் வலது காலில் நடுவிரல் மடங்கியிருக்கிறது. வைட்டமின் மூன்று வாரம் கொடுத்த பெட்டை, அடைக்கோழியில் பொரித்த முட்டை, மற்ற எட்டுக்கும் ஒன்றுமில்லை. நோட்டில் சிவப்பு மையில் குறித்து, அப்பன் யார் என்று பார்த்தேன். இரண்டு டிக்கெட்டில் வந்த மயில். மூக்குக்குத்தான் சோதித்தேன், விரலுக்குச் சோதிக்கவில்லை.