இருவாச்சியின் கொம்புக்கு யார் வண்ணம் பூசுகிறார்கள்?

கேள்வி: பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கோலாலம்பூர் பறவைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். அலகின்மேல் செம்மஞ்சள் கொம்பு மேல்நோக்கி வளைந்திருந்த பெரிய இருவாச்சியைப் பார்த்த என் மகள், அந்த நிறத்தை யாராவது பூசியிருப்பார்களோ என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற ஒருவர், அடைகாக்கும் காலத்தில் ஆண் பறவை பெண்ணை மரப்பொந்துக்குள் சிறை வைத்துவிடும் என்றார். இவை உண்மையா?
– ஒரு வாசகி, செந்தூல்

பதில்: உங்கள் மகளின் ஐயம் சரியானது. அந்த நிறம் பூசப்பட்டதுதான். பூசியது அந்தப் பறவையே. நீங்கள் கண்டது காண்டாமிருக இருவாச்சி, சரவாக்கின் மாநிலப் பறவை. இளம் பறவையின் அலகும் கொம்பும் வெளுத்தே இருக்கும். வாலின் அடியில் மேற்புறமாக ஓர் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. பறவை கழுத்தைப் பின்னால் திருப்பி, அலகையும் கொம்பையும் அதன்மேல் மீண்டும் மீண்டும் தேய்க்கத் தேய்க்க, எண்ணெயின் நிறம் அவற்றில் ஏறி, நாளடைவில் செம்மஞ்சளும் சிவப்புமாகிறது. அலகின் நுனியில் மட்டும் அந்தச் சாயம் அவ்வளவாக ஏறுவதில்லை, அதனால் அது வெளிறியே நிற்கும். பார்வைக்குக் கனமாகத் தோன்றும் அந்தக் கொம்பு உள்ளே பெரும்பாலும் வெற்றிடந்தான்.

சிறை வைப்பதாகச் சொல்வது பரவலான தவறான எண்ணம். பொந்தின் வாயைப் பெரும்பாலும் பெண் பறவையே உள்ளிருந்து, தன் எச்சம், உணவின் மிச்சம், மண் ஆகியவற்றைக் குழைத்து அப்பி அடைக்கிறது. பாம்பு, குரங்கு போன்ற எதிரிகள் நுழையாதபடி அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவை மட்டும் விட்டுவைத்து, ஒன்றோ இரண்டோ முட்டையிட்டு அடைகாக்கிறது. அந்தப் பிளவின் வழியாகத்தான் ஆண் வாரக்கணக்கில் இரை ஊட்டுகிறது: தொண்டையில் சேர்த்துக் கொண்டுவந்த அத்திப்பழங்களை ஒவ்வொன்றாக மேலே வரவழைத்து, அலகு நுனியில் பிடித்து உள்ளே நீட்டும். ஆண் இறந்துபோனால் உள்ளிருக்கும் குடும்பமே பட்டினியில் சிக்கும் என்பதை எண்ணும்போது, சிறை என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மரங்கொத்தியைப் போல் தானே பொந்து குடைய இருவாச்சியால் முடியாது; வயது முதிர்ந்த பெருமரத்தில் இயற்கையாக உண்டான பொந்துதான் அதற்கு வேண்டும். அத்தகைய மரங்கள் வெட்டப்படும்போது, தின்னப் பழம் இருந்தாலும் குஞ்சு பொரிக்க இடம் இல்லாமல் போகிறது. 2018 முதல் இவ்வினம் அழியும் ஆபத்துக்கு உள்ளாகக்கூடியதாகப் பட்டியலிடப்பட்டுள்ளது.

பிரேசர் மலைக்குச் சென்றால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சிறகின் அடிப்புறம் இறகுத் தண்டுகளை மூடும் சிற்றிறகுகள் இருவாச்சிக்கு இல்லாததால், காற்று அவற்றினூடே பாய்ந்து, பறவை கண்ணில் படுமுன்பே நீராவி ரயில் மூச்சுவிடுவதுபோல் ஓசை வரும். பூங்காவுக்கு மறுபடி போனால், கண்ணைப் பார்க்கும்படி மகளிடம் சொல்லுங்கள்: சிவந்திருந்தால் ஆண், வெளுத்திருந்தால் பெண்.