கர்ப்பப்பையை எடுக்காமல், ரத்தக்குழாயை அடைத்தே ஃபைப்ராய்டைச் சரிசெய்ய முடியுமா? வலிக்குமா?

முடியும். வலிக்கும். எனக்கு 44 வயதில் இதைச் செய்தார்கள்.

யுட்ரைன் ஆர்ட்டரி எம்போலைசேஷன் என்பார்கள். ஃபைப்ராய்டு என்பது கர்ப்பப்பையில் வரும் தசைக்கட்டி. அது வளர நிறைய ரத்தம் வேண்டும். அதை நிறுத்திவிட்டால் கட்டி வாடிச் சுருங்கும். மீதிக் கர்ப்பப்பைக்குப் பக்கத்துக் குழாய்கள் வழியாக ரத்தம் வந்துவிடுவதால் அது பிழைத்துக்கொள்ளும்.

தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு ஒரு மெல்லிய குழாயை நுழைப்பார்கள். சில இடங்களில் மணிக்கட்டு வழியாகவும் செய்கிறார்கள். எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே கர்ப்பப்பைக்குப் போகும் இரண்டு தமனிகளுக்குள்ளும் அதைக் கொண்டுபோய், மணல் போன்ற நுண்துகள்களைச் செலுத்தி அடைப்பார்கள். எக்ஸ்ரேயில் ரத்தக்குழாய் தெரிவதற்கான டை என்ற சாய மருந்தை ஏற்றும்போது அடிவயிற்றில் குப்பென்று சூடு பரவும். சிறுநீர் போய்விட்டதோ என்று பதறுவீர்கள், போயிருக்காது.

இது ஏறக்குறைய தற்செயலாகக் கிடைத்த சிகிச்சை. பாரிஸில் ழாக் ராவினா என்ற மருத்துவர், ஆபரேஷனில் ரத்தப்போக்கு குறையட்டும் என்று முன்கூட்டியே ரத்தக்குழாயை அடைத்து வைத்தார். பார்த்தால், பலருக்குத் தொந்தரவே நின்றுபோய் ஆபரேஷன் தேவைப்படவில்லை. 1995இல் அதை வெளியிட்டார். பிற்பாடு அமெரிக்க வெளியுறவு அமைச்சரான கண்டலீசா ரைஸ்கூட 2004இல் இதைத்தான் செய்துகொண்டார்.

இப்போது வலி. தையல் இல்லை, தழும்பு இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். சிகிச்சை முடிந்த அன்றைய ராத்திரியைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ரத்தம் கிடைக்காத தசை முறுக்கிப் பிழியும், மாதவிலக்கு வலியெல்லாம் அதன் பக்கத்தில் நிற்காது. வலிநிவாரணி எப்படிக் கொடுப்பீர்கள், நாமே பட்டனை அழுத்தி மருந்து ஏற்றிக்கொள்ளும் பம்ப் உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள். மறுநாள் தணிந்துவிடும். அப்புறம் சில நாள் லேசான காய்ச்சல், குமட்டல், அசதி இருக்கும். ஆனால் காய்ச்சல் ஏறிக்கொண்டே போனாலோ, நாற்றமுள்ள வெள்ளை பட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கட்டி ஒரேயடியாக மறையாது, மாதக்கணக்கில்தான் சுருங்கும். எனக்கு ரத்தப்போக்கு சீக்கிரமே கட்டுக்குள் வந்தது, அதுவே போதும் என்றிருந்தது. எல்லோருக்கும் அப்படி அமையாது. நெதர்லாந்தில் 10 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பிறகு கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்தது. மூன்றில் இருவருக்கு அது தேவைப்படவில்லை என்பதுதான் என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது.

குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் கட்டியை மட்டும் வெட்டியெடுப்பது பற்றி முதலில் பேசுங்கள். புற்றுநோய் சந்தேகமோ தொற்றோ இருந்தால் இது கூடாது. மாதவிலக்கு நிற்கும் வயதை நெருங்கியவர்களுக்கு அது கொஞ்சம் முன்னதாகவே நின்றுவிடவும் வாய்ப்புண்டு.

இதைச் செய்பவர் கைனகாலஜிஸ்ட் அல்ல, இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட், அதாவது ஸ்கேன், எக்ஸ்ரே படத்தைப் பார்த்தபடியே உள்ளே சிகிச்சை செய்யும் மருத்துவர். அதனாலோ என்னவோ, நாமாகக் கேட்டால் ஒழிய இந்தப் பேச்சே பல இடங்களில் எழுவதில்லை. அவரைப் பார்க்கப் போகும்போது எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டோடு படங்களையும் எடுத்துப் போங்கள், கட்டி இருக்கும் இடத்தை அவர் தன் கண்ணால் பார்த்துத்தான் முடிவு சொல்வார்.