வைல் என்றால் வரை

வடக்கு இங்கிலாந்தில், யார்க்‌ஷயரில் இருக்கும் பார்ன்ஸ்லி ஊர்ப் பக்கம் ஆஸ்பத்திரி வார்டு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கச்சி ஒருத்தர் கேட்டிருந்தார்: "சிஸ்டர் போன் பண்ணி, திங்கள்கிழமை ஷிப்ட் 'ஹாஃப் செவன் வைல் எய்ட்'னு சொன்னாங்க. ஏழரைக்கு வரணும், சரி. அந்த எட்டு எதுக்கு? அரை மணி நேர வேலையா? ஓஇடி (மருத்துவத் துறைக்காரங்களுக்கான இங்கிலீஷ்) பரீட்சையில பி வாங்கிட்டு வந்தும் ஒண்ணும் புரியலையே அக்கா."

உங்க இங்கிலீஷ்ல குறையில்லைம்மா. யார்க்‌ஷயர்ல 'வைல்'னா (while) 'போது' இல்லை, 'வரை'. காலை ஏழரையிலிருந்து ராத்திரி எட்டு வரை. லாங் டே. ஆபீஸ்ல இருக்கிறவங்க 'நைன் வைல் ஃபைவ்' வேலைம்பாங்க. லண்டன்ல பத்து வருஷம் இருந்துட்டு வந்தவங்களே முதல் வாரம் இதுல முழிப்பாங்க.

நான் முழிச்ச கதை கேளுங்க. வந்து மூணாவது வாரம். சுரங்கத்துல வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒரு தாத்தா. மத்தியானத் தட்டை வெச்சேன். கையால தள்ளிட்டு, மகள் பேரைச் சொல்லி, "நாட் வைல் ஷீ கம்ஸ்" என்றார். மகள் வரும்போது சாப்பிட மாட்டாராம், கூச்சப்படுறார் போலன்னு நினைச்சேன். அப்ப அவங்க வர்றதுக்குள்ள ஊட்டிடணும்ல? ஸ்பூனோட நின்னேன். அவர் வாயை இறுக்கி மூடிக்கிட்டு ஜன்னலைப் பார்த்தார். நான் கெஞ்ச, அவர் முறைக்க, குழம்பு ஆறி மேல ஏடு கட்டிடுச்சு. ரெண்டு மணிக்கு மகள் வந்தாங்க. கோட்டைக்கூடக் கழற்றலை, தட்டை எடுத்தாங்க, கிழவர் கடகடன்னு சாப்பிட்டார். மகள் வரும் வரை வேண்டாம்னுதான் மனுஷன் சொல்லியிருக்கார்.

அது சோறு, போகட்டும். மாத்திரையில இப்படி ஆனா? ஷிப்ட் மாறும்போது நோயாளிங்க விவரத்தை ஒப்படைக்கிற ஹேண்ட்ஓவர்ல ஒருத்தர் "டோன்ட் கிவ் இட் ஹிம் வைல் ஹீஸ் ஈட்டன்" என்பார். சாப்பிட்டு முடிக்கிற வரை கொடுக்காதேன்னு அர்த்தம். நம்ம காதுல சாப்பிடும்போது கொடுக்காதேன்னு விழும். அதனால வெட்கப்படாம உடனே 'அன்டில்' போட்டுத் திருப்பிக் கேளுங்க: "அன்டில் ஹீஸ் ஈட்டன், யெஸ்?" யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. நோட்ஸ்ல எழுதும்போது 'வைல்' வேண்டவே வேண்டாம். 'அன்டில் 14:00'னு 24 மணிக் கணக்குல எழுதிடுங்க.

இது கொச்சைன்னு இளக்காரமா நினைச்சிடாதீங்க. 'வைல்' முதல்ல ஒரு பெயர்ச்சொல், 'கொஞ்ச காலம்'னு பொருள். 'இன் எ வைல்', 'ஒன்ஸ் இன் எ வைல்' எல்லாம் அந்த மிச்சம்தான். 400 வருஷத்துக்கு முந்தைய ஷேக்ஸ்பியரோட மெக்பெத் நாடகத்திலேயே ராஜா, ராத்திரி விருந்து வரை எல்லாரையும் அனுப்பிவைக்கும்போது 'வைல் தென்'னுதான் சொல்றான், 'அதுவரை'ங்கிற பொருள்ல. மத்த ஊர்ல வழக்கொழிஞ்சது வடக்கே தங்கிடுச்சு.

நம்ம தமிழ்ல இல்லையா? என்கூட ஒரு வீட்ல இருந்த யாழ்ப்பாணத்து அக்கா "எட்டு மணி மட்டும் வேலை" என்பாங்க. எட்டு மணிக்கு மட்டும் என்ன வேலைன்னு நான் யோசிப்பேன். அவங்களுக்கு 'மட்டும்'னா 'வரைக்கும்'. நாமளும் 'விடியுமட்டும்'னு சொல்றவங்கதானே, ஆனா மணியோட வந்தா காது ஏமாந்துடுது.

இந்த ஊர்க்காரங்களே இதை வெச்சுச் சிரிப்பாங்க. ரயில்வே கேட்ல 'சிவப்பு விளக்கு மின்னும் வைல் நில்'னு போர்டு வெச்சாங்களாம். யார்க்‌ஷயர்காரர் விளக்கு மின்னும் வரை நின்னு, மின்னினதும் கடந்தாராம். நடந்ததான்னு கேட்காதீங்க, டீ ரூம்ல சொல்ற கதை.

இன்னொரு 'வைல்' கடுதாசியில வரும். டிசம்பர்ல ஊருக்குப் போக லீவு கேட்பீங்க. பதில் 'வைல் வீ அண்டர்ஸ்டாண்ட்...'னு ஆரம்பிச்சா அங்கேயே சந்தோஷப்பட்டுடாதீங்க. அது 'இருந்தாலும்' வைல். கமாவுக்கு அப்புறம்தான் விஷயம், அது பெரும்பாலும் 'முடியாது'தான். எனக்கு ரெண்டு கிறிஸ்துமஸ் அப்படிப் போச்சு.

திங்கள்கிழமை வாசல்ல யாராவது "நௌ தென்" என்றால் பதறாதீங்க. 'இப்போ அப்போ'ன்னு எதையும் கேட்கலை, வணக்கம் சொல்றாங்க. நீங்களும் "நௌ தென்" சொன்னா போதும். 'டின்னர்' இங்கே மத்தியானச் சாப்பாடு, சாயங்காலத்துக்கு 'டீ'. எட்டு வரை ஷிப்ட், அதனால ரெண்டு வேளைக்கும் டப்பா கட்டிக்கோங்க. ஏழேகாலுக்கே போயிடுங்க, யூனிஃபார்ம் மாத்த நேரம் வேணும்.