தூண்டில் பக்கம்: மர லூருக்கு ஈயம் எங்கே வைப்பது?

நீர்மேல் ஆடும் மர லூரை, அதாவது மீனை ஏமாற்றும் பொய் இரையை, வீட்டிலேயே செய்வது பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி ஈயத்தைப் பற்றியே இருக்கின்றன. அதனால் இந்த முறை வலை, நண்டு, இறால் எல்லாம் காத்திருக்கட்டும்.

9 சென்டிமீட்டர் நீளத்தில், சுருட்டு மாதிரி, குமிழ் மரத்தில் ஒரு பென்சில் லூர் செதுக்கினேன். வால் முனையிலிருந்து நீளவாக்கில் துளை போட்டு 2 கிராம் ஈயம் அடைத்தேன். தண்ணீரில் போட்டால் புரள்கிறது. ராடை (தூண்டில் கோலை) சுண்டினால் இடம் வலம் போகாமல் கட்டை மாதிரி நேராக வருகிறது. ஈயம் போதவில்லையா?
— வாசகர், கும்பகோணம்

அளவு சரிதான், இடம்தான் தப்பு. உருண்டையான உடம்புக்கு நட்டநடு அச்சில் ஈயம் வைத்தால், எது வயிறு எது முதுகு என்று அதற்கே தெரியாது. தெப்பத்தில் ஆளெல்லாம் நின்றுகொண்டு போவது மாதிரி எந்தப் பக்கமும் சாயும். ஈயம் அடிவயிற்றில் இருக்க வேண்டும், தோலை ஒட்டி.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். துளை போடுவதை மறந்துவிடுங்கள். முதலில் மரத்துக்கு இரண்டு கை சீலர் அடித்துக் காயவிடுங்கள். அப்புறம் அந்த லூரில் கடைசியில் என்னென்ன தொங்கப் போகிறதோ அத்தனையையும் மாட்டுங்கள்: கம்பி, வளையம், முன் ஹூக், பின் ஹூக். ஈயத்தைத் தனியாகத் தேட வேண்டாம். வீச்சுவலைக்குக் கோக்கும் ஈயமணி நாலைந்து வாங்கி, சுத்தியால் தட்டித் தகடாக்கிக் கத்தரித்துக்கொள்ளுங்கள். அதை ஒரு ரப்பர் பேண்டால் வயிற்றில் கட்டி, வாளித் தண்ணீரில் விடுங்கள்.

இனி தள்ளித் தள்ளிப் பார்ப்பதுதான் வேலை. நடுவிலிருந்து வால் பக்கம் அரை சென்டிமீட்டர் நகர்த்துங்கள், பாருங்கள். இன்னும் அரை நகர்த்துங்கள். ஓர் இடத்தில் வால் அமிழ்ந்து, மூக்கு மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். விரலால் அமுக்கி விட்டால் துள்ளி எழுந்து அதே சாய்வில் நிற்கும். பென்சிலால் அந்த இடத்தில் குறி போடுங்கள். பெரும்பாலும் அது பின் ஹூக் தொங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் வரும். அங்கே வயிற்றிலிருந்து மேல்நோக்கி 6 மில்லிமீட்டர் டிரில்லால் துளையுங்கள். 2 கிராம் ஈயத்துக்கு 8 மில்லிமீட்டர் ஆழமே போதும். கட்டிப் பார்த்த அதே தகட்டைச் சுருட்டி உள்ளே தட்டி, மேலே எம்-சீல் வைத்து, உப்புத்தாள் போட்டு இழைத்துவிடுங்கள்.

வால் கனம் இன்னொரு விதத்திலும் உதவும். வீசும்போது லூர் வால் முன்னால் அம்பு மாதிரி போகும். நடுக்கனம் வைத்தது காற்றில் கரணமடித்து தூண்டில் நரம்பில் சிக்கும்.

இதே கணக்கை எல்லா லூருக்கும் போடாதீர்கள். வாய் குழிந்த பாப்பருக்குச் சாய்வு குறைவாக இருந்தால் போதும், இல்லாவிட்டால் தண்ணீரைத் துப்பாமல் விழுங்கும். வாலில் காற்றாடி சுற்றும் ரகம் படகு மாதிரி படுக்கையாகவே மிதக்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் நேராகவே வந்தால், குற்றம் உங்கள் மணிக்கட்டில். சுண்டிய உடனே ராடைத் திரும்பக் கொடுத்து நரம்பைத் தொய்ய விடுங்கள். நரம்பு விறைப்பாக இருக்கும்வரை எந்த லூரும் தலையைத் திருப்பாது.

எங்கள் வீட்டில் பழைய நிலைக்கதவின் தேக்குத் துண்டுகள் நிறைய உண்டு. தேக்கு தண்ணீரில் கெடாதே, அதில் செய்தால் என்ன?
— வாசகர், திருவாரூர்

நானும் இதே எண்ணத்தில்தான் முதல் லூரைச் செய்தேன். சிவப்பு மூக்கு, வெள்ளை உடம்பு, கண்ணுக்கு மணி. பார்த்தால் கும்பிடத் தோன்றும். எங்கள் ஊர்க் குளத்தில் வீசினேன், போனது போனதுதான். கூட வந்த மைத்துனர், "மாமா, இது மீன் பிடிக்கவா, மீனை அடிக்கவா?" என்று கேட்டது இன்றைக்கும் வீட்டு விசேஷங்களில் ஓடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தது அதற்கப்புறம்தான். மேலே சொன்ன 9 சென்டிமீட்டர் சுருட்டு, ஏறக்குறைய 15 மில்லி தண்ணீரை ஒதுக்கும். அப்படியானால் எல்லாம் சேர்த்து 15 கிராமுக்குள் இருந்தால்தான் மிதக்கும். ஹூக், வளையம், கம்பி, பெயின்ட் எல்லாம் சேர்ந்து 5 கிராம் சாப்பிட்டுவிடும். தேக்கு மரம் மட்டுமே 10 கிராம் நெருங்கும். ஆக ஈயம் வைக்காமலே கணக்கு முடிந்துவிட்டது. குமிழில் செய்தால் மரம் 7 கிராமுக்குள் அடங்கும், 2 கிராம் ஈயத்துக்கு இடம் கிடைக்கும். கல்யாண முருங்கை இன்னும் லேசு, 4 கிராம்கூட வைக்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியது, மூன்றிலும் லூரின் மொத்த எடை கிட்டத்தட்ட ஒன்றுதான். வீசும் தூரத்திலும் பெரிய வித்தியாசம் இராது. ஆனால் எடை உடம்பு முழுக்கப் பரவிக் கிடக்கும் லூர் மந்தமாக இருக்கும். லேசான உடம்பில் அடிவயிற்றில் மட்டும் கனம் இருந்தால்தான் தலையாட்டி பொம்மை மாதிரி ஆடும். எனவே லேசான மரம், நிறைய ஈயம். தேக்கில் பேரனுக்குப் பம்பரம் செய்து கொடுங்கள்.

கல்யாண முருங்கைக்கு ஓர் எச்சரிக்கை. பச்சையாக இழைத்தால் வெடிக்கும், பூச்சியும் வைக்கும். வெட்டி நிழலில் மாதக்கணக்கில் காய வேண்டும். அதில் திருகாணி வளையம் நிற்கவே நிற்காது. ஒரு நல்ல விரால் தலையை உதறினால் வளையம், ஹூக், விரால் மூன்றும் சேர்ந்து போகும், உங்களிடம் வெறும் கட்டை வந்து சேரும். மூக்கிலிருந்து வால்வரை ஒரே ஸ்டீல் கம்பி ஓட வேண்டும். அடிப்பக்கம் ரம்பத்தால் ஒரு கோடு அறுத்து, கம்பியை உள்ளே படுக்க வைத்து எபாக்சியால் மூடினால் ஆயிற்று.

என் மகனுக்கு 12 வயது. உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு ஈயம் உருக்கப் போகிறேன் என்று அடுப்படியில் நிற்கிறான். விடலாமா?
— வாசகி, மயிலாடுதுறை

வேண்டவே வேண்டாம் அம்மா. ஈயம் விஷம், பிள்ளைகளுக்கு இன்னும் கெடுதல். அச்சில் ஒரு சொட்டு ஈரம் இருந்தால் உருகிய ஈயம் முகத்தில் தெறிக்கும். பெரியவர்களையும் நான் உருக்கச் சொல்வதில்லை, தட்டி அடைத்தாலே போதும்போது எதற்கு அடுப்பு?

தம்பியைச் சைக்கிள் கடைக்கு அனுப்புங்கள். பின் அச்சில் போடும் கால் இஞ்ச் பால்ஸ் (எஃகுக் குண்டு) ஒன்று ஏறத்தாழ 1 கிராம் இருக்கும். எண்ணி எண்ணி வைக்கலாம், தராசே தேவையில்லை. கடைசி பால்ஸைக் கொஞ்சம் பெரிய துளையில் ஒட்டாமல் விட்டு மூடினால் லூர் கிலுகிலுக்கும், அவனுக்குப் பிடிக்கும். ஹூக் மாட்டுவதை மட்டும் நீங்களோ அவன் அப்பாவோ செய்யுங்கள்.

வாளியில் அழகாக மிதந்த லூர், பெயின்ட் அடித்த பிறகு பழையாறு முகத்துவாரத்தில் வேறு மாதிரி நிற்கிறது. ஒரு மாதத்தில் பெயின்டும் வெடித்துவிட்டது.
— வாசகர், சீர்காழி

இரண்டு சங்கதி. பெயின்டும் மேல்பூச்சும் சேர்ந்து ஒரு கிராம் வரை ஏறும். வாளியில் பார்க்கும்போதே லூரைக் கொஞ்சம் தூக்கலாக மிதக்க விட்டிருக்க வேண்டும். அடுத்து, உப்புத்தண்ணீர் அதிகமாகத் தாங்கும். கொடுவாய்க்குச் செய்கிற லூர் என்றால், 10 லிட்டர் வாளியில் 350 கிராம் கல்லுப்பைக் கரைத்துவிட்டுச் சோதியுங்கள். கடல்தண்ணீர் ஏறக்குறைய அந்த உப்புதான். கொள்ளிடத்தில் தண்ணீர் வரும் நாளில் முகத்துவாரம் நல்ல தண்ணீராகிவிடும், அதையும் நினைவில் வையுங்கள்.

வெடித்தது ஏனென்றால், எங்கோ ஓர் ஊசித்துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போய் மரம் ஊதியிருக்கிறது. பெரும்பாலும் கம்பி வெளியே வரும் இடம். பின்லாந்தில் லாரி ரபாலா 1936-இல் தக்கையில் தன் முதல் லூரைச் செதுக்கியபோது, மேலே பளபளப்புத் தாளைச் சுற்றி, பழைய போட்டோ நெகட்டிவை உருக்கிப் பூசித்தான் தண்ணீரைத் தடுத்தார். உங்களுக்கு அந்தப் பாடில்லை. இரண்டு பாட்டிலாக வரும் எபாக்சியைச் சம அளவில் கலந்து மெல்லிசாக இரண்டு கை பூசி, இறுகும்வரை லூரைத் திருப்பிக்கொண்டே இருங்கள். இல்லாவிட்டால் எல்லாம் வயிற்றில் வழிந்து சேர்ந்து, அதுவே ஒரு ஈயமாகிவிடும்.

விராலுக்கு எந்த நேரத்தில் மர லூர் நன்றாக எடுபடும்?
— வாசகர், காட்டுமன்னார்கோவில்

விரால் மேலே வந்து காற்றை விழுங்கியே ஆக வேண்டிய மீன், அதனால்தான் நீர்மேல் ஆடுவது அதன் கண்ணில் படுகிறது. விடிந்து ஒரு மணி நேரம், பொழுது சாயும் முன் ஒரு மணி நேரம். அல்லி இலைகளுக்கு நடுவே மும்முனை ஹூக் சிக்கும், அங்கே ரப்பர் தவளை போடுங்கள். குளம் ஏலம் போயிருந்தால் எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். சிவப்புக் குஞ்சுகள் கூட்டமாய்த் தண்ணீரைக் கொப்பளித்தால் அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். லூரைக் கண்டால் கோபத்தில் பாயும், பிடிப்பது சுலபம். அங்கே வீச வேண்டாம், பத்து மீட்டர் தள்ளிப் போய்விடுங்கள்.