தண்ணிக்குள்ள இறக்கலாமோ அக்கா?

கேள்வி: அக்கா, என்ர மகனுக்கு அஞ்சரை வயசு. 30 கிழமையில பிறந்தவன், ஒண்டரை வயசில மூளைவாதம் (செரிபிரல் போல்சி) எண்டு சொன்னவை. ரெண்டு காலும் விறைப்பு, கத்தரிக்கோல் மாதிரிப் பின்னிப் போகும், வோக்கர் பிடிச்சுக் கொஞ்சத் தூரம் நடப்பான், கதை நல்லாக் கதைப்பான். கனடாவில இருக்கிற தங்கச்சி அங்க இப்பிடியான பிள்ளையளுக்கு சூடான பூலுக்குள்ள தெரபி குடுக்கிற வீடியோ அனுப்பினவ. இஞ்ச நாங்கள் பூலுக்கு எங்க போறது? கீரிமலைக் கேணிக்கோ கசூரினாக் கடற்கரைக்கோ கொண்டு போகலாமோ? மாமி சளி பிடிக்கும் எண்டு கிணத்தடிக்கே விடுறா இல்லை. ஒருத்தர் 25 தரம் தண்ணிச் சிகிச்சை செய்தா நடக்க வைப்பன் எண்டு பெரிய காசு கேக்கிறார், நகையை அடகு வைப்பமோ எண்டு யோசிக்கிறம்.
— ஒரு தாய், மானிப்பாய்

பதில்:

தங்கச்சி, முதல்ல நகையைத் திருப்பி அலுமாரிக்குள்ள வையுங்கோ. இத்தினை தரம் செய்தா நடப்பான் எண்டு கணக்குச் சொல்லி வாக்குக் குடுக்கிற ஆள் ஆரெண்டாலும், அவருக்கு இந்த வருத்தம் விளங்கேல்லை, இல்லாட்டி விளங்கியும் உங்களிட்டக் காசு வாங்கப் பாக்கிறார். மூளையில பட்ட காயம் தண்ணியால மாறாது. அந்தக் காயம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டு போறதும் இல்லை, அதை நீங்கள் மனசில வடிவா வைச்சிருக்க வேணும், ஆனா பிள்ளை வளர வளர எலும்பு நீளும், விறைச்ச தசை அந்த வேகத்துக்கு நீளாது, அதாலதான் குதிக்கால் மேல எழும்புறதும் முழங்கால் மடங்கி நிக்கிறதும் இடுப்பு மூட்டு விலகுறதும் வருது. நாங்கள் காலை நேரா வைச்சிருக்க ஸ்பிளின்ட் போடுறதும் தசையை இழுத்து விடுறதும் இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்துப் பாக்கிறதும் எல்லாம் அதுக்காகத்தான். தண்ணியில விளையாடுறான்தானே எண்டு ஸ்பிளின்டைக் கழட்டி வைச்சிடாதேங்கோ, தரையில செய்யிற பயிற்சியையும் விட்டிடாதேங்கோ.

இதெல்லாம் சொல்லிப்போட்டு இப்ப சொல்லுறன், உங்கட மகனைத் தண்ணிக்குள்ள இறக்குங்கோ. பிசியோவா (பிசியோதெரபிஸ்டா) கன வருசம் வேலை செய்தவள் நான், இதை முழு மனசோட சொல்லுறன்.

ஏனெண்டு கேட்டா, உங்கட மகன் ஒரு 16 கிலோ எண்டு வையுங்கோ. இடுப்பளவு தண்ணிக்குள்ள நிண்டா காலுக்கு வாற பாரம் கிட்டத்தட்டப் பாதி, 8 கிலோ. நெஞ்சளவில மூண்டில ஒண்டுதான், அஞ்சு கிலோ சொச்சம். கழுத்தளவில பத்தில ஒண்டு, ஒண்டரை கிலோவுக்கும் ரெண்டு கிலோவுக்கும் இடையில. தரையில வோக்கரை இறுக்கிப் பிடிச்சுப் பல்லைக் கடிச்சு நிக்கிற பிள்ளை, அதே காலில ஒரு தேங்காய் ரெண்டு தேங்காய்ப் பாரத்தோட நிக்கிறான் எண்டா அவனுக்கு எப்பிடி இருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. அதோட தரையில சரிஞ்சா டப்பெண்டு விழுந்திடுவான், தண்ணிக்குள்ள மெல்லமாத்தான் சரிவான், சரியிறதுக்கிடையில தலையைத் திருப்பிக் கையை விரிச்சுத் தன்னைத் தானே நிமித்திறதுக்கு அவனுக்கு நேரம் கிடைக்குது. அந்த நேரம்தான் பெரிய விசயம். நாங்கள் தாய் தகப்பன் எல்லாரும் விழமுந்தியே பாய்ஞ்சு பிடிச்சுப் பிடிச்சு, இந்தப் பிள்ளையளுக்குத் தானாப் பிழைவிட்டுத் தானாத் திருத்துற சந்தர்ப்பமே குடுக்கிறேல்லை.

ஒரு பிள்ளையை நான் மறக்கேல்லை, ஆளைச் சொல்லேல்லை. நாலு வயசு, இடது கை எப்பவும் பொத்தினபடி, பெருவிரல் உள்ளுக்க போய் மற்ற நாலு விரலும் அதை மூடிக்கொண்டு இருக்கும், தாய் குளிப்பாட்டேக்க அந்தக் கையை விரிக்க வெளிக்கிட்டா அது அழும், தாயும் அழும், உள்ளங்கைக்குள்ள பஞ்சு மாதிரி ஊத்தை திரண்டு மணக்கும். மிதமான சூட்டுத் தண்ணிக்குள்ள தாய்ட மடியில இருத்தி, ஒண்டுமே செய்யாமல், தொட்டிலாட்டுறமாதிரி இஞ்சாலயும் அங்காலயும் மெல்லமா ஆட்டிக்கொண்டிருந்தம். ஒரு பத்து நிமிசம் இருக்கும், சின்னவிரல் முதல்ல விட்டுது, பிறகு அடுத்தது, பிறகு கை விரிஞ்சு தண்ணிக்கு மேல பூ மாதிரிக் கிடந்துது. தாய் ஒரு சொல்லுச் சொல்லேல்லை, சவர்க்காரத்தை எடுத்து அந்த உள்ளங்கையைக் கழுவினா. அந்த இளக்கம் நிரந்தரமில்லை, வெளியில வந்து கொஞ்ச நேரத்தில விறைப்புத் திரும்பும், ஆனா அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ள கையையும் காலையும் இழுத்து விட்டா நோவில்லாமல் செய்யலாம், ஸ்பிளின்டும் லேசாப் போடலாம்.

தங்கச்சி அனுப்பின வீடியோவில செய்யிறது அனேகமா ஹலிவிக் முறையாத்தான் இருக்கும். 1949ல லண்டனில ஹலிவிக் எண்ட ஒரு பள்ளிக்கூடத்தில, உடம்பு ஏலாத பெண்பிள்ளையளுக்கு நீச்சல் பழக்கப் போன ஜேம்ஸ் மக்மில்லன் தொடங்கி வைச்சது. அவர் டொக்டர் இல்லை, என்ஜினியர், தண்ணி எப்பிடி ஒரு உடம்பைத் தூக்கும் எப்பிடிப் பிரட்டும் எண்டு படிச்ச மனுசன். பத்துப் படியா அவர் வைச்சதில எனக்குப் பிடிச்சது முதல் படிதான், தண்ணிக்கு மனசைப் பழக்கிறது, மூச்சை ஊதப் பழக்கிறதும் அதுக்குள்ளதான் வருது. முகம் தண்ணிக்குக் கிட்டப் போனா ஊத வேணும், இழுக்கக் கூடாது, இது ஒண்டு பழகீட்டா பிள்ளைக்குப் பயம் பாதி போயிடும், தண்ணி குடிக்கிறதும் குறையும். நெஞ்சைத் தண்ணி சுத்திவர அழுத்துறதால ஊதி இழுக்கிறதே மூச்சுத் தசைக்கு ஒரு பயிற்சி. ரெண்டாவது, அந்த முறையில காத்தடிச்ச டியூப், கைப்பட்டி ஒண்டும் போடுறேல்லை, ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள். டியூப் போட்டா டியூப்தான் மிதக்கும், பிள்ளை ஒண்டும் பழகாது, இடுப்பு விறைச்ச பிள்ளை டியூபோட கவிழ்ந்தா தலையை நிமித்தவும் ஏலாது.

சரி, பூல் இல்லாட்டி என்ன செய்யிறது? உங்கட வீட்டில கிணத்தடித் தொட்டி இருக்கும்தானே. அஞ்சரை வயசுப் பிள்ளைக்கு ரெண்டரை அடித் தண்ணி நெஞ்சுக்குக் கிட்ட வரும், அது காணும். தொட்டி இல்லாட்டிக் காத்தடிக்கிற பெரிய பிளாஸ்டிக் பூல் ஒண்டு வாங்கலாம். தண்ணியின்ர சூடுதான் முக்கியம். தெரபி பூலுகளில 33 இல இருந்து 35 பாகை வரை வைப்பினம், எங்கட கிணத்துத் தண்ணி அதைவிட நல்லாக் குளிர், குளிர்த் தண்ணி பட்டா இந்தப் பிள்ளையளுக்கு விறைப்புக் கூடும், நீங்கள் நன்மை எண்டு செய்யப் போய் எதிர்மாறா நடக்கும். அதால காலமை பிரஷ் போட்டுப் பாசியை உரஞ்சிக் கழுவி, தண்ணியை நிரப்பிக் கறுப்புப் பொலித்தீனால மூடி வெயிலில விடுங்கோ, பின்னேரம் மூண்டு மணிக்கு அரைவாசி வேலையை வெயில் செய்துபோடும், மிச்சத்துக்கு ரெண்டு மூண்டு பானை சுடுதண்ணி கலவுங்கோ, பிள்ளை உள்ளுக்க இருக்கேக்க ஊத்தக் கூடாது. பாமசியில வாங்கிற டிஜிட்டல் தேர்மோமீட்டரின்ர நுனியைத் தண்ணிக்க பிடிச்சுப் பாருங்கோ, கன மீட்டருகள் 32க்குக் கீழ லோ எண்டு காட்டும், இலக்கம் வரத் தொடங்கினா 33, 34க்குக் கொண்டு வாறது லேசு. ஹீட்டர்க் கம்பி போட்டுச் சூடாக்கிற பழக்கம் இருந்தா பிளக்கைக் கழட்டிக் கம்பியையும் வெளியில எடுத்து வைச்சிட்டுத்தான் பிள்ளையைக் கிட்டக் கொண்டு வர வேணும், இதில விளையாட்டு வேண்டாம். நிரப்பின தொட்டிக்குக் கிட்டச் சின்னனுகளைத் தனிய விடாதேங்கோ, முடிஞ்ச உடன தண்ணியைத் திறந்து வாழைக்கு விடுங்கோ.

தகப்பன் தொட்டிக்குள்ள இறங்கி இருக்கட்டும், நீங்கள் வெளியில நில்லுங்கோ. ரெண்டு பேர் கட்டாயம். பிள்ளையைத் தூக்கிப் பொத்தெண்டு இறக்காமல், தொட்டிக் கட்டில துவாயை மடிச்சுப் போட்டு அதில இருத்தி, முதல்ல கால், பிறகு முழங்கால், தண்ணியை அவன்ர கையாலயே அள்ளி ஊத்த விட்டு, அவனா வாறன் எண்டு சரிஞ்சா அப்ப வாங்குங்கோ. பயந்தா விறைப்பான், விறைச்சா எல்லாம் வீண். தகப்பன்ர முகம் பிள்ளையின்ர முகத்துக்கு நேரா இருக்க வேணும், கை விலாவுக்குக் கீழ விரிச்சபடி, கவ்விப் பிடிக்காமல், மேசையில தட்டம் வைச்சமாதிரி. அஞ்சு நிமிசம் சும்மா ஆட்டுங்கோ. பிறகு தண்ணியில ஒரு செவ்வரத்தம் பூவை விட்டு, ஊதி அப்பாட்ட அனுப்பு, அம்மாட்ட அனுப்பு எண்டு விளையாடுங்கோ. காலைப் பின்னினா பிடிச்சு இழுத்துப் பிரிக்காதேங்கோ, இடுப்பைப் பிடிச்சு மெல்லமாப் பக்கத்துக்குப் பக்கம் திருப்பத் தானாக் கழரும். பிறகு நிக்க வையுங்கோ, கையை ஒரு செக்கன் விடுங்கோ, பிறகு ரெண்டு செக்கன். மல்லாத்தி மிதக்க விடுறதைப் பற்றி மட்டும் உங்கட பிசியோவிட்டக் கேளுங்கோ, சில பிள்ளையள் மல்லாக்க வில்லு மாதிரிப் பின்னால வளைவினம், அவைக்கு அது சரிவராது. முதல் கிழமை 15 நிமிசத்துக்கு மேல வேண்டாம், பேந்து அரை மணித்தியாலம் வரைக்கும் போகலாம், கிழமைக்கு ரெண்டு நாள் காணும். சொண்டு நீலமாகினா, நடுங்கினா உடன வெளியில எடுக்க வேணும். சாப்பிட்ட உடன இறக்க வேண்டாம்.

தொடங்க முந்தி கிளினிக்கில டொக்டரிட்ட ஒரு சொல்லுக் கேளுங்கோ, முக்கியமா வலிப்பு இருக்குதோ எண்டது. மூளைவாதம் உள்ள பிள்ளையளில நாலில ஒண்டுக்கோ அதுக்கு மேலயோ வலிப்பு இருக்கு, நீங்கள் அதைப் பற்றி எழுதேல்லை. வலிப்பு இருந்தா தண்ணியே கூடாது எண்டில்லை, மருந்து ஒழுங்காப் போகுதோ, கடைசியா எப்ப வந்தது எண்டெல்லாம் பாத்துச் சொல்லுவினம். தண்ணி குடிக்கேக்க அடிக்கடி புரைக்கேறுதெண்டா அதையும் சொல்லுங்கோ, தண்ணி நெஞ்சுக்குள்ள இறங்கினா நியூமோனியா வரலாம். காய்ச்சல், வயித்தோட்டம், காதுநோ, ஸ்பிளின்ட் உரஞ்சின புண் இருக்கிற நாளுகளில விடுங்கோ.

மாமியைக் கோவிக்காதேங்கோ. முப்பது கிழமையில பிறந்த பிள்ளையை முதல் ரெண்டு வருசம் சளியில இருந்து காப்பாத்தினதில அவவின்ர கையும் இருக்கும், அந்தப் பயம்தான் இப்பவும் கதைக்குது. தோயிறதால சளி வாறேல்லை, ஆனா தலை ஈரத்தோட காத்தில இருந்து குளிர் பிடிச்சா பிள்ளை களைச்சுப் போவான், அதால அவவிட்டயே அந்த வேலையைக் குடுங்கோ, ரெண்டு துவாயை வெயிலில சூடாக்கி வைச்சுக்கொண்டு நிண்டு, வெளியில வந்த உடன தலையைத் துவட்டிக் காலைத் தேய்ச்சு விடட்டும். மார்கழி தைப் பனிக்கும் ஐப்பசி கார்த்திகை மழைக்கும் தொட்டி வேலையை நிப்பாட்டி வைக்கலாம், அதுக்கு அவ சொல்லுறது சரிதான்.

கீரிமலை. குதிரை முகமா மாறின இளவரசி மாருதப்புரவீகவல்லிக்குச் சுகம் குடுத்த தண்ணி எண்டு நாங்கள் எல்லாரும் கேட்டு வளந்தது, நகுலேஸ்வரத்தில கும்பிட்டு, படியில இருந்து காலை நனைச்சு முகத்தில தெளிச்சுப்போட்டு வாங்கோ, அதில எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஆனா பயிற்சிக்கு அது இடமில்லை, ஊத்துத் தண்ணி குளிர், படி வழுக்கும், பெடியள் பாய்ஞ்சு விளையாடுவாங்கள், சத்தத்துக்கே திடுக்கிட்டு விறைச்சிடுவான். கசூரினா வேற கதை. ஆழமில்லாமல் கன தூரத்துக்குப் போற கடல், பின்னேரத்தில கரையோரத் தண்ணி இளஞ்சூடா இருக்கும், உப்புத் தண்ணி நல்ல தண்ணியைவிட இன்னும் நல்லாத் தூக்கும். காத்தில்லாத நாளாப் பாத்து, சொறிமீன் இருக்கோ எண்டு அங்க தொழில் செய்யிறவையிட்டக் கேட்டுப்போட்டு, தகப்பன்ர முழங்காலுக்கு மேல ஆழம் போகாமல் கொண்டு போங்கோ. தொட்டியில ஒரு மாசம் பழகினாப் பிறகு போனா நல்லம்.

நடப்பானோ எண்டு நீங்கள் நேராக் கேக்கேல்லை, ஆனா கடிதம் முழுக்க அதுதான் கிடக்குது. ரெண்டு வயசுக்குள்ள பிடிக்காமல் தானா நிமிர்ந்து இருந்த பிள்ளையள் அனேகமா ஏதோ ஒரு விதத்தில நடப்பினம், வோக்கரோடயோ தடியோடயோ இல்லாமலோ. உங்கட மகன் இப்பவே வோக்கரோட நடக்கிறான். தண்ணிப் பயிற்சி பற்றிச் செய்த ஆய்வுகள் கூடுதலாச் சின்னச் சின்ன ஆய்வுகள், நிக்கிறது நடக்கிறது கொஞ்சம் முன்னேறினதாச் சிலதில காட்டியிருக்கு, தரைப் பயிற்சியோட சேத்துச் செய்யேக்கதான் பலன் எண்டதுதான் பொதுவாச் சொல்லுறது. நான் கண்ணால கண்டது என்னெண்டா, தண்ணிக்குள்ள ஒருக்கா ஒருதரும் பிடிக்காமல் நிண்ட பிள்ளை, வெளியில வந்து "நானா நிண்டனான்" எண்டு ஊரெல்லாம் சொல்லும், அடுத்த நாள் பயிற்சிக்கு அழாமல் வரும்.

ஒரு கொப்பி வாங்கித் திகதி போட்டு எழுதுங்கோ, எத்தினை செக்கன் பிடிக்காமல் நிண்டான், பூவை எவ்வளவு தூரம் ஊதினான், அண்டைக்கு இரவு நித்திரை எப்பிடி, அடுத்த நாள் ஸ்பிளின்ட் போடேக்க அழுதானோ. அதை அடுத்த கிளினிக்குக்குக் கொண்டு போய்ப் பிசியோவிட்டக் காட்டுங்கோ, அவை உங்கட பிள்ளைக்கு ஏத்தமாதிரி மாத்திச் சொல்லித் தருவினம். முதல் நாளுக்குச் செவ்வரத்தம் பூவை நீங்கள் பறிக்காதேங்கோ, வோக்கரோட மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய் அவனைக் கொண்டு பறிப்பியுங்கோ.