முதல் நாள் கைதட்டல்

கேள்வி: கலிஃபோர்னியாவில் எங்கள் ஊர் ரீஜனல் தியேட்டரில் ஒரு புது மியூசிகல், அதாவது பாட்டு நாடகம், பார்த்தோம். அடுத்து நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேக்குப் போகிறதாம். முதல் நாள் காட்சி. முடிந்ததும் மொத்த அரங்கமும் எழுந்து நின்று கைதட்டியது. கதாநாயகியின் குரல், மேடை அமைப்பு, மழைக் காட்சி எல்லாமே அபாரம். இரண்டாம் பாதி கொஞ்சம் இழுவை, ஆனாலும் பரவாயில்லை. மறுநாள் பத்திரிகையில் விமர்சகர் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார். 'லே மிஸரபிள்' மியூசிகல் வந்தபோதும் இப்படித்தான் திட்டினார்கள், அது இன்றைக்கும் ஓடுகிறது. ஜனங்கள் ரசித்ததைப் பழிக்க இவர்கள் யார்? விமர்சனத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு நண்பர்களை டிக்கெட் வாங்கச் சொல்லலாமா? (விமர்சனத்தின் நகலை இணைத்திருக்கிறேன்.)

பதில்: தாராளமாகச் சொல்லலாம். ஆனால் தூக்கிப் போடுவதற்கு முன் அந்த விமர்சனத்தை இன்னொரு தடவை படித்துவிடுங்கள். நானும் படித்தேன். கதாநாயகியின் குரலை அவர் மெச்சியிருக்கிறார். மழைக் காட்சிக்கு ஒரு பத்தியே ஒதுக்கியிருக்கிறார். இரண்டாம் பாதியில் கதை நகரவில்லை என்கிறார். உங்கள் கடிதத்திலும் இந்த மூன்றும் இருக்கின்றன, ஐயா. 'கொஞ்சம் இழுவை' என்று அரை வரியில் நீங்கள் மன்னித்துவிட்டதை அவர் நாலு பத்திக்கு எழுதியிருக்கிறார். அவருக்குச் சம்பளமே அதற்குத்தான்.

இன்னொன்றையும் கவனித்தேன். ஒரு மியூசிகலைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள், அதில் வந்த ஒரு பாட்டைப் பற்றிக்கூடச் சொல்லவில்லை. இசையமைப்பாளர் இடத்தில் நான் இருந்தால் பத்திரிகைக்காரரை விட்டுவிட்டு உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் கவலைப்படுவேன்.

எழுந்து நின்று கைதட்டியதற்கு வருவோம். முதல் நாள் அரங்கில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? நடிகர்களின் குடும்பம், நன்கொடை கொடுத்தவர்கள், அறக்கட்டளை உறுப்பினர்கள், பணம் போட்டிருக்கும் தயாரிப்பாளர்கள், அவர்களுடைய நண்பர்கள். நடுவே உங்களைப் போல டிக்கெட் வாங்கியவர்களும் கொஞ்சம் பேர். தவிர, அமெரிக்க அரங்குகளில் எழுந்து நிற்பது இப்போது கிளம்பும்போது மேல்கோட்டை எடுத்து மாட்டுவதற்கு முந்தைய சடங்கு மாதிரி ஆகிவிட்டது. முன்வரிசை எழுந்தால் பின்வரிசைக்கு மேடை தெரியாது, எழுந்துதான் ஆக வேண்டும். நம் நாடகக் கம்பெனிக் காலத்தில் கிட்டப்பாவுக்கு 'ஒன்ஸ் மோர்' கேட்டார்களே, அதில் ஒரு நேர்மை இருந்தது. இந்தப் பாட்டு வேண்டும், இப்போதே வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேட்டார்கள். கடைசியில் மொத்தமாகத் தட்டும் கைதட்டலில் அந்த விவரம் கிடையாது.

இப்படி வெளியூரில் அரங்கேற்றிப் பார்ப்பது எதற்காக என்பதையும் யோசிக்க வேண்டும். ஒரு காலத்தில் நியூ ஹேவன், பாஸ்டன், ஃபிலடெல்ஃபியா, வாஷிங்டன் என்று ஊர் ஊராகப் போட்டு, அடித்துத் திருத்தி, அப்புறம்தான் நியூயார்க்கில் இறக்குவார்கள். செலவு ஏற ஏற அந்த வேலையில் பெரும்பகுதி லாப நோக்கமற்ற ரீஜனல் தியேட்டர்களுக்கு வந்து சேர்ந்தது. 'ஆனி' 1976-இல் கனெக்டிகட்டின் குட்ஸ்பீட் ஆபரா ஹவுஸில் தொடங்கி மறுவருடம் பிராட்வேக்குப் போனது. 'ஜெர்சி பாய்ஸ்' 2004-இல் லா ஹோயா பிளேஹவுஸில் பிறந்தது. பிராட்வே தயாரிப்பாளர் கூடுதல் பணம் போடுவார். தியேட்டர் தன் மேடையையும், அதைவிட முக்கியமாகத் தன் சந்தாதாரர்களையும் கொடுக்கும். வருடத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டிவிட்டு, போட்டதைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அவர்கள். பெயர்பெற்ற நாடகம் என்று தேடி வந்தவர்கள் அல்ல. யாருக்கும் தாட்சண்யம் காட்ட வேண்டியதில்லை. முறைப்படி திறப்பதற்கு முந்தைய பிரிவியூ நாட்களில் எழுத்தாளரும் இயக்குநரும் பின்வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, இவர்கள் எங்கே இருமுகிறார்கள், எங்கே நெளிகிறார்கள் என்றுதான் குறித்துக்கொள்வார்கள். பகலில் ஒத்திகை, ராத்திரி புது வசனம்.

இதற்கு நான் அடிக்கடி சொல்லும் உதாரணம் 1962-இல் வாஷிங்டனில் நடந்தது. 'எ ஃபன்னி திங் ஹேப்பன்ட் ஆன் த வே டு த ஃபோரம்' என்ற ரோமாபுரிக் கூத்து. இசை ஸ்டீஃபன் சோண்ட்ஹைம், இயக்கம் அனுபவசாலியான ஜார்ஜ் அபட். ஜனங்கள் சிரிக்கவில்லை. விமர்சனமும் மோசம். பார்த்துவிட்டுச் சொல்ல நடன அமைப்பாளரும் இயக்குநருமான ஜெரோம் ராபின்ஸை அழைத்து வந்தார்கள். அவர் கோளாறு முதல் பாட்டில் என்றார். காதலைப் பற்றி மென்மையாக ஒரு பாட்டோடு தொடங்கியதால், ஏதோ நாசூக்கான நாடகம் என்று நினைத்து ஜனங்கள் அடக்கமாக உட்கார்ந்துவிட்டார்கள். பிறகு வந்த தடாலடி நகைச்சுவைக்கு அவர்களால் மாற முடியவில்லை. சோண்ட்ஹைம் 'காமெடி டுநைட்' என்று புதிய தொடக்கப் பாட்டு எழுதினார். மே மாதம் நியூயார்க்கில் திறந்து 964 காட்சிகள் ஓடியது. வாஷிங்டனில் பார்த்தவர்களில் ஒருவரைப் பிடித்து 'ஏன் சிரிக்கவில்லை?' என்று கேட்டிருந்தால் முதல் பாட்டைக் காரணமாகச் சொல்லியிருப்பாரா? நோயாளிக்கு வலிக்கிற இடம் தெரியும், காரணம் தெரிய வேண்டியதில்லை. அதைத் தேடத்தான் இன்னொரு ஆள் வேண்டும். நல்ல விமர்சகர் அந்த வேலையில் பாதியைச் செய்து கொடுக்கிறார்.

சரி, 'லே மிஸரபிள்'. வாஸ்தவம். 1985 அக்டோபரில் லண்டன் பார்பிகனில் திறந்தபோது பெரும்பாலான விமர்சகர்கள் சாடினார்கள், டிக்கெட் கவுன்டரில் கூட்டம் அம்மியது. ஆனால் விமர்சகர்களைத் திட்டுகிற ஒவ்வொருவரும் இந்த ஒரே நாடகத்தைத்தான் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். திட்டு வாங்கி, நியாயமாகவே செத்துப்போன நாடகங்களின் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை என்பதால் அவை கணக்கில் வருவதில்லை. எதிர்ப்பக்கமும் பாருங்கள். 'ஆல்மோஸ்ட் ஃபேமஸ்' 2019-இல் சான் டியாகோவின் ஓல்ட் குளோப் தியேட்டரில் நல்ல வரவேற்பு பெற்றது, காட்சிகளைக்கூட நீட்டித்தார்கள். 2022 நவம்பரில் பிராட்வே போய் 2023 ஜனவரியில் மூடிவிட்டார்கள். அட்லான்டாவில் 2015-இல் தொடங்கிய 'டக் எவர்லாஸ்டிங்' மறுவருடம் பிராட்வேயில் முறைப்படி திறந்தபின் 39 காட்சிகளோடு முடிந்தது. சொந்த ஊர்க் கைதட்டலைப் பெட்டியில் கட்டி நியூயார்க்குக்கு அனுப்ப முடியாது.

கோபித்துக்கொள்ளாமல் காரியம் பார்த்தவர்களும் உண்டு. 'விக்கெட்' 2003-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் முன்னோட்டம் பார்த்தபோது, துணைப் பாத்திரம் நாயகியை விழுங்கிவிடுகிறது என்ற குறை வந்தது. கோடை முழுக்க உட்கார்ந்து நாயகியின் பகுதியைத் திருத்தி எழுதினார்கள். அக்டோபரில் பிராட்வே. அப்போதும் விமர்சகர்கள் சிலர் முகம் சுளித்தார்கள் என்பதும், நாடகம் இன்னும் ஓடுகிறது என்பதும் உங்களுக்குச் சந்தோஷம் தரும். தரட்டும்.

உங்கள் ஊர் விமர்சகர் மேல் எனக்கும் ஒரு குறை உண்டு. 'நியூயார்க்கில் இது எடுபடாது' என்று முடித்திருக்கிறார். குதிரைப் பந்தயத்தில் எந்தக் குதிரை வரும் என்று சொல்கிற மாதிரி, பல ஊர்ப் பத்திரிகைக்காரர்களுக்கு இந்த வியாதி. உங்கள் ஊரில் டிக்கெட் வாங்கப்போகிறவருக்கு நியூயார்க்கைப் பற்றி என்ன கவலை? தவிர, திருத்தி எழுதிக்கொண்டிருக்கும் ஒன்றை முப்பது வருடம் மெருகேறிய நாடகத்தோடு ஒப்பிட்டிருக்கிறார். அது அநியாயம்தான். அந்த இரண்டு வாக்கியங்களுக்காக அவரோடு சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். இரண்டாம் பாதியைப் பற்றி எழுதியதற்காக வேண்டாம்.

நண்பர்களை அனுப்பும்போது வார நாள் மதியக் காட்சிக்கு அனுப்புங்கள். சந்தாதாரர்கள் நிறைய இருப்பார்கள், கைதட்டல் கொஞ்சம் விலை கூடியதாக இருக்கும். தியேட்டரிலிருந்து கருத்துக் கேட்டு மின்னஞ்சல் வந்தால் 'அபாரம்' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடாமல், எந்தப் பாட்டின்போது கடிகாரத்தைப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். பிராட்வேக்குப் போகுமுன் மறுபடி எழுதத்தான் போகிறார்கள்.